கத்தரி எடுத்துக் குடுக்க நாலு வருஷமா?

வியாசர்பாடி அப்பா, மே 11, இரவு 9.40

பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா. பயாலஜி குரூப், 600க்கு 431. நர்சிங் வேணாம், ஆபரேஷன் தியேட்டர் வேலைதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. தண்டையார்பேட்டை பக்கம் ஒரு இன்ஸ்டிடியூட்ல ஆறு மாசத்துல சர்டிஃபிகேட், வேலைக்கு கேரண்டின்னு சொல்றாங்க. காலேஜ்னா மூணு வருஷம், அதுக்கு மேல ஒரு வருஷம் டிரெயினிங். ஆட்டோ ஓட்டுறவன் நான். டாக்டருக்குக் கத்தரி எடுத்துக் குடுக்கிற வேலைக்கு நாலு வருஷம் எதுக்குன்னு மச்சான் கேக்கிறான். எனக்கும் பதில் தெரியல. இந்த வேலையில இருக்கிறவங்க சொல்லுங்க.

காசிமேட்டுக்காரி, மே 11, இரவு 11.15

அண்ணா, நான் இந்த வேலையில பதினாலு வருஷமா இருக்கேன். இப்பதான் டூட்டி முடிச்சு வந்தேன், சுருக்கமா சொல்றேன். ஆறு மாசக் கோர்ஸ்ல பணம் கட்டாதீங்க. கட்டியிருந்தா ரசீதை பத்திரமா வைங்க.

மச்சான் கேட்ட கேள்விக்கு நாளைக்கு உக்காந்து எழுதுறேன். அது நியாயமான கேள்விதான். எங்க அப்பாவும் இதையேதான் கேட்டாரு.

மே 12, மதியம் 2.30

முதல்ல காரணம். 2021-ல மத்திய அரசு ஒரு சட்டம் போட்டுச்சு: தேசிய துணை மற்றும் நலவாழ்வுத் தொழில்கள் ஆணையச் சட்டம். தியேட்டர், அனஸ்தீசியா (மயக்க மருந்து) டெக்னீசியன் வேலை எல்லாம் அந்தப் பட்டியல்ல வருது. துணை மருத்துவத் தொழில்னு பேர் வாங்கணும்னா படிப்பு குறைஞ்சது 2000 மணி நேரம், ரெண்டு வருஷத்துல இருந்து நாலு வருஷத்துக்குள்ள பரவியிருக்கணும்னு அதுல இருக்கு. ஒரு படி மேல, நலவாழ்வுத் தொழில்முறையாளர்னா 3600 மணி நேரம், மூணுல இருந்து ஆறு வருஷம். இப்ப ஆறு மாசத்தைக் கணக்குப் போடுங்க. ஞாயித்துக்கிழமை விடாம தினம் எட்டு மணி நேரம் நின்னாலும் 1500-ஐத் தொடாது.

அடுத்து, கத்தரி.

ஒரு சின்ன ஆபரேஷனுக்கே ட்ராலியில கத்தரி ஒண்ணு இருக்காது. மெட்சன்பாம் இருக்கும், மெலிசான திசுவை வெட்ட. மேயோ இருக்கும், கெட்டியானதுக்கும் நூலுக்கும். மெட்சன்பாமால நூலை வெட்டினா அதோட முனை போயிடும். அப்புறம் ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கிற ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ்: கொசு மாதிரி சின்னது, நீளமானது, வளைஞ்சது, நேரானது. குடலைப் பிடிக்க பாப்காக், ஏன்னா அதுக்குப் பல் கிடையாது. ஆலிஸுக்குப் பல் உண்டு, அதால குடலைப் பிடிச்சா காயமாயிடும். சர்ஜன் வாயைத் திறந்து பேர் சொல்றதுக்குள்ள கையில போய் நிக்கணும். அவர் கண்ணை வயித்துல இருந்து எடுக்க மாட்டாரு, உள்ளங்கையை மட்டும் நீட்டுவாரு. தப்பானதை வெச்சா அவர் தலையைத் திருப்பணும். ரத்தம் போயிட்டு இருக்கிற நேரத்துல தலை திரும்புறது சின்ன விஷயம் இல்ல.

அடுத்து என்ன நடக்கப் போகுதுன்னு உள்ள இருக்கிற உறுப்பு தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும். அனாட்டமியை முதல் வருஷமே வெக்கிறது அதுக்குத்தான்.

மே 12, இரவு 10.50

ஒரு கதை ஞாபகம் வந்துது, மச்சானுக்குச் சொல்லுங்க. அமெரிக்காவுல பால்டிமோர்ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி. 1889, 90 வாக்குல ஹால்ஸ்டெட்னு ஒரு பெரிய சர்ஜன். அவர் தியேட்டர்ல கருவி எடுத்துக் குடுத்த நர்ஸ் கரோலின் ஹாம்ப்டன். அப்ப கை கழுவ பாதரசக் கரைசல் வெச்சிருந்தாங்க. அந்தம்மா கை முழுக்கப் புண்ணாயிடுச்சு, வேலையை விடுற நிலைமை. ஹால்ஸ்டெட் குட்இயர் ரப்பர் கம்பெனிகிட்ட சொல்லி மெல்லிசா ஒரு ஜோடி கையுறை செஞ்சு வாங்கினாரு. 1890-ல ரெண்டு பேரும் கல்யாணமும் பண்ணிக்கிட்டாங்க. அந்தக் கையுறை வந்தது சர்ஜன் கைக்காகவும் இல்ல, நோயாளிக்காகவும் இல்ல. கருவி எடுத்துக் குடுக்கிற கையைக் காப்பாத்த வந்துச்சு. அதைப் போட்டா சீழ் பிடிக்கிறது குறையுதுன்னு அப்புறம்தான் கண்டாங்க.

மே 13, காலை 6.05

இந்த இழையில ஒரு சிஸ்டர் சரியான கேள்வி கேட்டிருக்காங்க: "எங்க ஆஸ்பத்திரியில ஸ்க்ரப் பண்ணி கருவி குடுக்கிறது ஸ்டாஃப் நர்ஸ்தான், டெக்னீசியன் இல்ல. அந்தப் பொண்ணுக்கு ஏன் ஆசை காட்டுறீங்க?"

ஸ்க்ரப்னா கையைத் தேச்சுக் கழுவி, கிருமி நீக்கின கவுனும் கையுறையும் போட்டு சர்ஜன் பக்கத்துல நிக்கிறது. ஒத்துக்கிறேன், நேத்து அரைகுறையா எழுதிட்டேன். அமெரிக்காவுல சர்ஜிக்கல் டெக்னாலஜிஸ்ட்னா அவங்க முழு வேலையும் அந்த ட்ராலிதான். ஸ்க்ரப் பண்ணி கருவி குடுக்கிறதுக்குன்னே தனிப் படிப்பு, தனிப் பரீட்சை. நம்ம ஊர்ல அந்த வேலை ரெண்டாப் பிரிஞ்சு கிடக்கு. அரசு ஆஸ்பத்திரிகள்ல பெரும்பாலும் சிஸ்டருங்கதான் ஸ்க்ரப். தனியார்ல நிறைய இடத்துல டெக்னீசியனே ஸ்க்ரப் பண்றாங்க, நானும் பண்றேன். ஆனா டிகிரியோட பேரையே பாருங்க: பி.எஸ்சி. ஆபரேஷன் தியேட்டர் அண்ட் அனஸ்தீசியா டெக்னாலஜி. அதுல பாதிக்கு மேல மயக்க மருந்துப் பக்கம்தான்.

பாப்பாகிட்ட இதை மறைக்காம சொல்லிடுங்க அண்ணா. அவ கண்ணுல தெரியறது பச்சை கவுன், லைட், கத்தி. அவ காலையில முதல்ல போய் நிக்கப்போறது அனஸ்தீசியா மிஷின் முன்னாடி. சிலிண்டர்ல அழுத்தம் எவ்வளவு, குழாய்ல கசிவு இருக்கா, மூச்சுல வர்ற கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுற சோடா லைம் நிறம் மாறியிருக்கா, தொண்டைக்குள்ள பாக்கிற லாரிங்கோஸ்கோப்ல லைட் எரியுதா, சக்ஷன் இழுக்குதா. கருப்பு உடம்பு, வெள்ளைத் தோள்பட்டைன்னா ஆக்சிஜன். நீலம்னா நைட்ரஸ் ஆக்சைடு, மயக்கத்துக்குக் குடுக்கிற வாயு. நிறத்தை மட்டும் நம்ப முடியாதுன்னுதான் மிஷின்ல சிலிண்டர் உக்கார்ற நுகத்துல ரெண்டு முள்ளும், சிலிண்டர்ல அதுக்கேத்த துளையும் ஒவ்வொரு வாயுவுக்கும் இடம் மாத்தி வெச்சிருக்காங்க. ஆக்சிஜனுக்கு இடம் 2, 5. நைட்ரஸுக்கு 3, 5. ஒண்ணோட நுகத்துல இன்னொண்ணு உக்காராது. மறதியும் அவசரமும் மனுஷனுக்கு வரும்னு யாரோ முன்னாடியே யோசிச்சு வெச்ச ரெண்டு முள். முதல் தடவை இதைப் படிச்சப்ப எனக்குக் கண் கலங்கிடுச்சு.

பஸ்ஸுக்கு நேரமாச்சு.

மே 13, இரவு 11.30

இன்னைக்கு ஆறு கேஸ். கால் வீங்கியிருக்கு. இதையும் சொல்லணும்: நின்னே வேலை. சிறுநீரை அடக்கி அடக்கி இன்ஃபெக்ஷன் வந்தவங்க எங்க செட்லயே மூணு பேர். காலையில தண்ணி குடிக்காம வராதேன்னு ஜூனியர் பொண்ணுங்களை நான் அதட்டுவேன்.

மே 14, மதியம் 1.10

எங்க அப்பாவும் இதையேதான் கேட்டாருன்னு சொன்னேன்ல, அந்தக் கதை.

அவருக்கு காசிமேடு துறைமுகத்துல விசைப்படகு வேலை. கடலுக்குப் போகாத நாள்ல வீட்டு வாசல்ல வலை பின்னிட்டு இருப்பாரு. 2007-ல நான் அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்து நின்னப்ப, "கத்தரி குடுக்கிறதுக்கா"ன்னு இதே வார்த்தையைக் கேட்டாரு. நான் பதில் சொல்லத் தெரியாம அழுதேன். மூணாவது வருஷம், ஒரு கையால சர்ஜிக்கல் முடிச்சுப் போடப் பழகிட்டு இருந்தேன். கட்டில் கால்ல நூலைக் கட்டிப் போட்டுப் பாக்கிறப்ப அவர் பக்கத்துல வந்து உக்காந்தாரு. "இது நழுவும்"னாரு. நழுவிச்சு. ரெண்டாவது சுத்தை எதிர்ப்பக்கமா போடுன்னு காட்டினாரு. எங்க சார் ரெண்டு மாசமா சொல்லிக் குடுத்தது அதுதான், என் விரலுக்கு ஏறவே இல்ல. வலைக்காரர் ஒரு சாயங்காலத்துல ஏத்திட்டாரு.

அதுக்கப்புறம் அவர் கேக்கல. தெருவுல யாராவது கேட்டா அவரே பதில் சொல்வாரு.

மே 14, இரவு 9.20

விஷயத்துக்கு வரேன். எந்தப் படிப்பு, எப்படிச் சேர்றது.

டிகிரின்னா தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், கிண்டி. மூணு வருஷம், அதுக்கு மேல ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். அரசு இடங்களுக்கு கீழ்ப்பாக்கத்துல இருக்கிற மருத்துவக் கல்வி இயக்ககத்தோட தேர்வுக் குழு கவுன்சிலிங் நடத்துது. துணை மருத்துவப் படிப்புகள்னு தனியா அறிவிப்பு வரும், அதைத் தினம் பாருங்க. தனியார்லயும் அரசு ஒதுக்கீட்டு இடம் உண்டு. சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாத்தையும் இப்பவே இ-சேவை மையத்துல எடுத்து வெச்சுடுங்க. கடைசி நாள்ல சர்வர் படுத்துக்கும். அரசு மருத்துவக் கல்லூரிகள்ல ஒரு வருஷ சான்றிதழ் படிப்பும் உண்டு, தியேட்டர் டெக்னீசியன் தனி, அனஸ்தீசியா டெக்னீசியன் தனி. அரசு வேலைன்னா 2012-ல வந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்தான் ஆள் எடுக்குது.

சான்றிதழ் படிப்பு எனக்குப் பிடிக்காது. அது பத்தாது.

மே 15, காலை 5.50

ராத்திரி எழுதின கடைசி வரியைத் திரும்பப் படிச்சேன். அது தப்பு, மனசு கேக்கல.

எனக்கு ஆட்டோகிளேவ் (நீராவியில கிருமி நீக்குற மிஷின்) கத்துக் குடுத்த அக்கா ஒரு வருஷ சான்றிதழ் மட்டும் வெச்சிருந்தாங்க. அரசு ஆஸ்பத்திரியில முப்பது வருஷம் வேலை. துணியும் கருவியும் அடைச்சு அதுக்குள்ள வெக்கிற டிரம்மைத் தூக்கிப் பாத்தே உள்ள துணி ஈரமா இருக்கான்னு சொல்வாங்க. அவங்க படிச்ச ஒரு வருஷமும் நிஜ தியேட்டர்லயே கழிஞ்சுது. இன்னொரு பக்கம், டிகிரி முடிச்சிட்டு வந்து மேயோ எது மெட்சன்பாம் எதுன்னு தெரியாம நின்ன பசங்களை நானே பாத்திருக்கேன். அவங்க மேல குறை இல்ல. அவங்க காலேஜ்ல தியேட்டருக்குள்ள விட்டதே வாரத்துல ஒரு நாள்.

அதனால என் பேச்சை மாத்திக்கிறேன். எத்தனை வருஷம்னு கேக்கிறதுக்கு முன்னாடி எங்க நின்னு படிக்கிறாங்கன்னு கேளுங்க. காலேஜ் பாக்கப் போறப்ப பில்டிங்கைப் பாக்காதீங்க, முதல் வருஷப் பசங்களைப் பாக்காதீங்க. மூணாவது வருஷப் பொண்ணு ஒருத்தியை கேன்டீன் பக்கம் ஓரமா நிறுத்திக் கேளுங்க: போன வாரம் எத்தனை கேஸ் பாத்த? எத்தனைல ஸ்க்ரப் பண்ணின? ராத்திரி எமர்ஜென்சிக்கு உன்னை உள்ள விடறாங்களா? லாக் புக் யார் கையெழுத்து போடறாங்க? அவ திணறாம பதில் சொன்னா சேருங்க.

அந்த ஆறு மாச இன்ஸ்டிடியூட்லயும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்க. எந்த ஆஸ்பத்திரி தியேட்டர்னு எழுத்துல வாங்குங்க.

மே 15, மாலை 4.40

டிரம்மைப் பத்தி எழுதினதும் ஒருத்தர் தனிச்செய்தியில கேட்டாரு, குக்கர் மாதிரிதானேன்னு. ஆமா, குக்கர்தான். அதுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு நிரூபிக்கணும், அவ்வளவுதான் வித்தியாசம். 121 டிகிரி, 15 நிமிஷம். டிரம் மேல ஒட்டுற டேப்ல கருப்புக் கோடு வரும். புதுசா வர்ற பசங்க கோடு வந்தா ஸ்டெரைல், அதாவது கிருமியே இல்லன்னு நினைச்சுப்பாங்க. அந்த டேப் சொல்றது இந்த டிரம் ஆட்டோகிளேவுக்குள்ள போயிட்டு வந்துச்சுன்னு மட்டும்தான். உள்ள கிருமி செத்துச்சான்னு அதுக்குத் தெரியாது. அதுக்கு நடுவுல வெக்கிற இண்டிகேட்டர் வேற, வெந்நீர் ஊத்துல வாழுற பாக்டீரியா இனத்தோட வித்து (ஸ்போர்) ஒண்ணை உள்ள வெச்சுப் பாக்கிற டெஸ்ட் வேற. அந்த வித்தே செத்துச்சுன்னா மத்தது எல்லாம் செத்திருக்கும்.

மே 15, இரவு 10.15

திருத்தம். 15 நிமிஷம்னு எழுதினது துணி சுத்தாத வெறும் கருவிக்கு. சுத்தின பொட்டலம், டிரம்முன்னா 121-ல 30 நிமிஷம். அதுவும் உள்ள 121-ஐத் தொட்ட அப்புறம்தான் கடிகாரம் பாக்கணும். சுவிட்ச் போட்ட நேரத்துல இருந்து இல்ல. பதினாலு வருஷம் ஆகியும் அவசரத்துல எழுதினா இப்படித்தான் வருது. பரீட்சைக்குப் படிக்கிற யாராவது அதைப் பாத்து எழுதியிருந்தா மாத்திக்குங்க.

மே 17, மதியம் 12.00

அண்ணா, நீங்க நேத்து கேட்டது: "தப்பு நடந்தா பழி யார் மேல? பொண்ணை மாட்டி விடுவாங்களா?"

எண்ணிக்கையைப் பத்தி சொல்லாம இதுக்குப் பதில் சொல்ல முடியாது. வயித்தைத் திறக்கிறதுக்கு முன்னாடி மாப் (ரத்தம் ஒத்தி எடுக்கிற துணி), காஸ் துணி, ஊசி, கருவி எல்லாத்தையும் ரெண்டு பேர் வாய் விட்டு எண்ணணும். போர்டுல எழுதணும். மாப் அஞ்சஞ்சா கட்டி வரும். நடுவுல புதுசா பிரிச்சா அதையும் எழுதணும். வயித்தை மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை, தோலை மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவை. உலக சுகாதார நிறுவனம் 2008-ல குடுத்த 19 வரி செக்லிஸ்ட்லயும் நோயாளி தியேட்டரை விட்டுப் போறதுக்கு முன்னாடி எண்ணிக்கை சரின்னு சத்தமாச் சொல்லச் சொல்லுது.

ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ராத்திரி ரெண்டு மணி. குடல்ல ஓட்டை. ஆரம்பத்துல இருபது மாப், நடுவுல பத்து. மூடப் போறப்ப எண்ணினா இருபத்தொன்பது. சர்ஜன் சொன்னாரு, "நான் நல்லா பாத்துட்டேன், உள்ள இல்ல." அனஸ்தீசியா சார் நேரத்தைப் பாத்தாரு. நோயாளி நிலைமை நல்லா இல்ல. நான் சொன்னேன், "சார், ஒண்ணு குறையுது." தையல் போடத் தேவையான ஊசி ஹோல்டரை அவர் கையில குடுக்கல. அப்படியே என் கையில வெச்சிருந்தேன்.

பதினாலு நிமிஷம் தேடினோம். கீழ பக்கெட்ல ரத்தத்துல ஊறி ரெண்டு மாப் ஒண்ணா ஒட்டிக் கிடந்துது. உள்ள இல்லதான், சர்ஜன் சொன்னது சரி. அவர் ஒண்ணும் பேசல, மூடிட்டுப் போயிட்டாரு. மறுநாள் முதல் கேஸ்ல கத்தியைக் கையில வாங்கறதுக்கு முன்னாடி, "கவுண்ட் சொல்லும்மா"ன்னாரு. அதுக்கு முன்னாடி அவர் அப்படிக் கேட்டதே இல்ல.

எண்ணிக்கை தப்புன்னு சொன்ன பொண்ணுக்குத் திட்டு கிடைக்கலாம். எண்ணாம சரின்னு கையெழுத்து போட்ட பொண்ணுதான் மாட்டுவா.

மே 18, இரவு 1.25

தூக்கம் வரல. நேத்து எழுதினதுக்கு நிறைய பேர் பாராட்டி எழுதியிருக்கீங்க. அதைப் படிக்கப் படிக்கக் கஷ்டமா இருந்துச்சு. ஆரம்பத்துல இருந்தே நான் அப்படி இருந்த மாதிரி தெரியுது. இல்ல.

இன்டர்ன்ஷிப் நேரம். தொடை எலும்புல பிளேட் வெக்கிற கேஸ். எலும்பு கேஸ்ல உள்ள இரும்பு வெக்கிறதால கிருமி போனா அதோட கதையே வேற, மாசக் கணக்குல சீழ், மறுபடி ஆபரேஷன். நான் ஸ்க்ரப் பண்ணி ரெண்டாவது ஆளா நின்னுட்டு இருந்தேன். ட்ராலியைச் சரி பண்ணத் திரும்பினப்ப என் கையுறையோட பின்பக்கம் ஸ்டெரைல் இல்லாத ட்ரிப் ஸ்டாண்டுல பட்டுச்சு. பட்டும் படாமலும். யாரும் பாக்கல. அன்னைக்குக் காலையிலதான் இன்னொரு பையன் நோயாளி மேல விரிச்ச ஸ்டெரைல் துணியை (ட்ரேப்) தொட்டுட்டான்னு எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கி அழுதுட்டு வெளிய போனான். நான் சொல்லல. அதே கையால ஸ்க்ரூ எடுத்துக் குடுத்தேன்.

அந்த நோயாளி லாரியில லோடு ஏத்துறவரு. தினமும் டூட்டி முடிஞ்சதும் வார்டுக்குப் போய் கட்டில் கால்மாட்டுல தொங்குற சார்ட்டைப் பாப்பேன். காய்ச்சல் இருக்கா, இருக்கா. அவர் என்னை ஏதோ அக்கறைக்காரப் பொண்ணுன்னு நினைச்சு "சாப்ட்டியாம்மா"ன்னு கேப்பாரு. பன்னெண்டாவது நாள் தையல் பிரிச்சாங்க. காயம் சுத்தமா இருந்துச்சு. அவர் வீட்டுக்குப் போயிட்டாரு.

கையுறை மாத்த ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை நான் கேக்கல.

ரொம்ப நாள் கழிச்சு அந்த ஆட்டோகிளேவ் அக்காகிட்ட மட்டும் சொன்னேன். அவங்க சமாதானம் எதுவும் சொல்லல. "நாளைக்கு உன் கீழ வர்ற பிள்ளைங்க சொன்னா, நீ திட்டாதே"ன்னாங்க. அதை மட்டும் காப்பாத்திட்டு வரேன். என் தியேட்டர்ல யாராவது "அக்கா, அன்ஸ்டெரைல் ஆயிடுச்சு"ன்னு சொன்னா, "சரி, மாத்து"ன்னு ரெண்டு வார்த்தைக்கு மேல வராது என் வாயில.

மே 19, காலை 7.00

நிறைய பதில் வந்திருக்கு. எல்லாத்தையும் படிச்சேன். ஒரு டாக்டர் தானும் இப்படி ஒரு நாளைச் சுமக்கிறதா எழுதியிருக்காரு. நன்றி சார்.

மே 20, மாலை 6.30

கேள்வி வேற பக்கம் போகுது, போகட்டும், இது முக்கியம். துறைமுகத்துல ஐஸ் உடைக்கிற மிஷின்ல விரல் போன தம்பியைப் பத்தி ஒருத்தர் எழுதியிருக்காரு. விரலை மீன் ஐஸ் பெட்டியில அப்படியே போட்டு ஸ்டான்லிக்குக் கொண்டு போனாங்களாம். எங்க தெருவுலயும் இதேதான் செய்வாங்க, ஐஸ் கைக்கெட்டுற தூரத்துல இருக்கிறதால.

நேரா ஐஸ்ல போடக் கூடாது. ஐஸ் பட்டா திசு உறைஞ்சு கெட்டுப் போகும், மறுபடி ஒட்டாது. சுத்தமான துணியை நல்ல தண்ணியில இல்ல சலைன்ல நனைச்சுப் பிழிஞ்சு அதுல சுத்தணும். அதை ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு வாயைக் கட்டணும். அந்தப் பையைத்தான் ஐஸ் மேல வெக்கணும். விரலுக்கு நேரம் கொஞ்சம் அதிகமாவே உண்டு. தசை இருக்கிற முழங்கை மாதிரி இடம்னா ஆறு மணி நேரத்துக்கு மேல கஷ்டம்.

நாம கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னு சொல்றோமே, 1782 பஞ்சத்துல கஞ்சி ஊத்தின மணியக்காரர் சத்திரத்துல இருந்து வளந்த அதே ஸ்டான்லியில, கைக்குன்னே தனி அறுவைப் பிரிவை 1971-ல டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கினாரு. வடசென்னையில மிஷினுக்குக் கை குடுக்கிற ஜனம் எவ்வளவுன்னு நமக்குத் தெரியும். அந்த மாதிரி கேஸ்ல ரத்தக் குழாயைத் தைக்கிறது மைக்ரோஸ்கோப்ல பாத்து, 10-0 நூல்ல. 10-0ன்னா பத்து பூஜ்யம்னு அர்த்தம், பூஜ்யம் கூடக் கூட நூல் மெலிசு. 10-0 தலைமுடியை விட மெலிசு, கீழ விழுந்தா கண்ணுக்கே தெரியாது. அதையும் எண்ணித்தான் ஆகணும்.

இதை எழுதினது காசிமேட்டு ஆளுங்க யாருக்காவது போய்ச் சேந்தா போதும். துறைமுகத்துல ஐஸ் ஃபேக்டரி சுவத்துல ஒட்டுற மாதிரி யாராவது பெரிய எழுத்துல எழுதிக் குடுங்க, அப்பாகிட்ட சொல்லி ஒட்ட வெக்கிறேன்.

மே 22, இரவு 10.00

சம்பளம் கேட்டாங்க. என் அனுபவத்தை மட்டும் சொல்றேன். 2011-ல முதல் மாசம் கையில வந்தது 6,500. ஒரு சின்ன நர்சிங் ஹோம். அங்க கையுறையைக் கழுவிக் காயப் போட்டு மறுபடி போடச் சொன்னாங்க, ஏழாவது மாசம் வெளிய வந்துட்டேன். முதல் ரெண்டு மூணு வருஷம் சம்பளத்தைப் பாக்காம கேஸைப் பாக்கணும்னு சீனியருங்க சொல்வாங்க. அது பாதிதான் உண்மை. வீட்டு வாடகைக்கு கேஸ் எண்ணிக்கை ஆகாது. வாடகை குடுக்க முடியாத வேலையில நல்ல பொண்ணுங்க நிக்க மாட்டாங்க, போயிடுவாங்க, போயிட்டுத்தான் இருக்காங்க. இதைச் சொல்லாம பாப்பாவை இழுத்து விட்டா பாவம்.

வெளிநாட்டுக் கனவு இருந்தா ஒண்ணு கவனிக்கணும். வளைகுடாவுல சான்றிதழை நேரா படிச்ச இடத்துலயே விசாரிப்பாங்க, பரீட்சையும் வெப்பாங்க. அங்கீகாரம் இல்லாத இடத்து பேப்பர் அங்க நிக்காது.

இன்னொண்ணு, எந்தக் காலேஜும் சரியா சொல்றதில்ல. உள்ள கால் வெக்கிறதுக்கு முன்னாடி ஹெபடைடிஸ் பி ஊசி மூணும் போட்டு முடிக்கணும். 0, 1, 6 மாசம். முடிச்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல ரத்தத்துல எதிர்ப்பு வந்திருக்கான்னு டெஸ்ட் எடுக்கணும், அளவு 10 mIU/mL-க்குக் குறையக் கூடாது. வேலையில நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உன் கையில குத்திட்டா பிதுக்கக் கூடாது, சோப்புத் தண்ணியில கழுவிட்டு உடனே சொல்லணும். எச்.ஐ.வி.க்குத் தடுப்பு மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல பிரயோஜனம் இல்ல, 28 நாள் விடாம சாப்பிடணும். இங்கயும் சொல்லாம மறைக்கிறதுதான் ஆபத்து.

மே 26, காலை 8.15

பாப்பா எழுதின செய்தியைப் பாத்தேன். அப்பா போன்ல இருந்து எழுதியிருக்கா. "அக்கா, மே 18 எழுதினதைப் படிச்சதுக்கு அப்புறம் எனக்குப் பயமா இருக்கு. ஆனாலும் இதுதான் படிக்கணும்னு தோணுது. என் கை வேர்க்கும், அது பரவாயில்லையா?"

எனக்கும் வேர்க்கும்மா. கையுறைக்குள்ள யாருக்குத்தான் வேர்க்காது.

இன்ஸ்டிடியூட்ல அப்பா போய்க் கேட்டாராம், எந்தத் தியேட்டர்னு. "அதெல்லாம் சேந்த அப்புறம் சொல்வோம்"னாங்களாம். அட்வான்ஸ் கட்டலைன்னு சொன்னாரு, நிம்மதியா இருக்கு.

மே 28, இரவு 9.45

அண்ணா, ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. உங்க பொண்ணை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, அவ அம்மாவும் வரட்டும். தண்டையார்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன், காலையில பத்து மணி. அங்கிருந்து உங்க ஆட்டோலயே போயிடலாம்.

தேய்ஞ்சு போன ஆர்ட்டரி ரெண்டு, முனை போன நீடில் ஹோல்டர் ஒண்ணு வீட்டுல வெச்சிருக்கேன். பத்து கைக்குட்டை கொண்டு வரச் சொல்லுங்க, மாப்புக்குப் பதிலா எண்ணிப் பழகலாம். நகத்தை ஒட்ட வெட்டிட்டு வரணும். வளையல், மோதிரம் வேணாம். காலையில வயிறு நிறைய சாப்பிட்டுட்டு வரணும், நாலு மணி நேரம் நிக்க வெப்பேன்.

முடிச்சு எங்க அப்பா சொல்லிக் குடுப்பாரு. கடலுக்குப் போகல, வீட்டுலதான் இருக்காரு. பாப்பா வர்றான்னு சொன்னதும் நூல் எந்தத் தடிமன் வாங்கட்டும்னு கேட்டாரு.